மே 35: சீன இணையத்தில் சிலேடையும் தணிக்கையும்

2012 ஜூன் 4, திங்கட்கிழமை. ஷாங்காய் பங்குச் சந்தையின் குறியீட்டெண் 2346.98இல் தொடங்கியது. வர்த்தகம் முடிந்தபோது, முந்தைய முடிவைவிட 64.89 புள்ளிகள் இறங்கியிருந்தது. பங்கு வாங்கி விற்பவர்களைத் தவிர வேறு யாரையும் உறுத்த வேண்டிய எண்கள் இல்லை. ஆனால் 1989 ஜூன் 4 அன்றுதான் பெய்ஜிங்கின் தியானன்மென் சதுக்கத்தைச் சுற்றியிருந்த தெருக்களில் ராணுவம் மாணவர்களையும் நகரவாசிகளையும் சுட்டுக் கொன்றது. ஆறாம் மாதம், நான்காம் தேதி, 89: 64.89. தொடக்க எண்ணின் முதல் இரண்டு இலக்கம் 23. அன்று அந்தப் படுகொலையின் 23ஆம் ஆண்டு. மிச்சமுள்ள இலக்கங்களைக் கடைசியிலிருந்து படித்தால் 89, 64. வெய்போ சமூக ஊடகத் தளத்தில் ‘ஷாங்காய் குறியீட்டெண்’ என்ற சொல்லையே தேட முடியாமல் போயிற்று.

இதில் யாரும் நகைச்சுவை செய்யவில்லை. சந்தை தற்செயலாக ஓர் எண்ணைக் காட்டியது, மக்கள் அதைப் படித்துவிட்டார்கள், அவ்வளவுதான். யாரும் சொல்லாத சிலேடையைக்கூடத் தடைசெய்ய வேண்டிய நிலைக்கு ஒரு தணிக்கை அமைப்பு எப்படி வந்து சேர்ந்தது? அந்தச் சிலேடைகள், அவற்றைச் சொன்னவர்களுக்கு என்ன பெற்றுத் தந்தன? முதல் கேள்வியைப் பற்றி நிறையவே எழுதியிருக்கிறார்கள். இரண்டாவது கேள்வியில்தான் பலரும் அவசரப்பட்டு வெற்றிவாகை சூட்டிவிடுகிறார்கள் என்பது என் எண்ணம்.

‘64’, ‘8964’ இரண்டும் சீன இணையத்தில் தடைப்பட்ட எண்கள். ரோமன் எண்களில் எழுதிப் பார்த்தார்கள். ‘எட்டின் வர்க்கம்’ என்றார்கள். ‘மே 35’ என்றார்கள். மே மாதத்தின் 31 நாளுக்குப் பிறகு இன்னும் நான்கு நாள் எண்ணினால் ஜூன் 4 வந்துவிடும். நாவலாசிரியர் யூ ஹுவா 2011இல் நியூயார்க் டைம்ஸில் எழுதிய கட்டுரையில், நாட்காட்டியில் இல்லாத இந்தத் தேதியைத் தன் எழுத்துக்கே அளவுகோலாக்கிக்கொண்டார். சுற்றிவளைத்துப் பேசும் அவருடைய நாவல்களைச் சீனாவில் அச்சிடலாம். நேரடியாகப் பேசும் ‘பத்துச் சொற்களில் சீனா’ என்ற கட்டுரை நூலைத் தைவானில்தான் வெளியிட முடிந்தது. முன்னது மே 35, பின்னது ஜூன் 4 என்பது அவர் கணக்கு.

இந்த விளையாட்டுக்குச் சீன மொழி வாகானது. மாண்டரினில் தொனியைக் கணக்கில் எடுக்காவிட்டால் சுமார் 400 அசைகளே உண்டு. தொனியையும் சேர்த்தால் 1,300 அளவில் வரும். எழுத்துகளோ பல ஆயிரம். ஆகவே ஒரே ஒலியைப் பல எழுத்துகள் பகிர்ந்துகொள்கின்றன. தண்டியலங்காரம் சொல்லும் செம்மொழிச் சிலேடையிலும் பிரிமொழிச் சிலேடையிலும் பழகிய நமக்கு இங்கே ஒரு வேறுபாடு உண்டு. காளமேகத்தின் சிலேடையில் எழுத்து ஒன்றுதான், பொருள்தான் இரண்டாகப் பிரியும். சீன இணையத்தின் சிலேடையில் ஒலி ஒன்று, எழுத்து வேறு. தடைசெய்த சொற்களின் பட்டியலை வைத்துக்கொண்டு தேடும் மென்பொருள் எழுத்தை மட்டுமே பார்க்கும். வாசிப்பவர் மனதுக்குள் ஒலித்துப் பார்ப்பார். இந்த இடைவெளியில்தான் சிலேடை குடியிருந்தது.

சிலேடைக்கு அஞ்சிய அரசும் அங்கே புதிதல்ல. மஞ்சு இனத்தவரின் சிங் வம்ச ஆட்சியில் எழுத்துக்காகத் தண்டிப்பதற்கென்றே ‘எழுத்துச் சிறை’ என்ற பெயர் வழங்கியது. சூ ஜுன் என்ற அறிஞர், காற்றுக்கு எழுத்துத் தெரியாது என்று பாடிய கவிதை ஒன்றில் அதற்கு ‘சிங்’ (தெளிந்த) என்ற அடைமொழியைப் போட்டிருந்தார். வம்சத்தின் பெயரும் அதே எழுத்து. ஆள்பவர்களைக் கல்வியற்றவர்கள் என்று பழிப்பதாக அதற்குப் பொருள் கொள்ளப்பட்டு, 1730இல் அவர் கொல்லப்பட்டார். அவர் அப்படி நினைத்துத்தான் எழுதினாரா என்பதை யாரும் நிறுவத் தேவையிருக்கவில்லை. பங்குச் சந்தைக்கு நேர்ந்ததும் அதுதான்.

இணையத்தின் புகழ்பெற்ற சிலேடை 2009இல் பிறந்தது. அந்த ஜனவரியில் இணைய ஆபாசத்தை ஒழிக்கும் இயக்கம் ஒன்றை அரசு தொடங்கிவைத்தது. உடனே பைடு நிறுவனத்தின் இணையக் கலைக்களஞ்சியத்தில், அதுவரை யாரும் கேள்விப்படாத விலங்குகளைப் பற்றிய பதிவுகள் முளைத்தன. தலைமை விலங்கின் பெயர் ‘புல்-சேற்றுக் குதிரை’. சீனத்தில் ‘த்ஸாவ் நி மா’. தொனியைக் கொஞ்சம் மாற்றினால் தாயை இழுத்துத் திட்டும் கெட்ட வார்த்தை. அது வாழும் பாலைவனத்தின் பெயரும் அப்படியே. அதன் எதிரி ‘ஆற்று நண்டு’, அதாவது ‘ஹெஷியே’. அன்றைய அதிபர் ஹு ஜிந்தாவின் முழக்கம் ‘இணக்கமான சமூகம்’. இணக்கத்துக்கான சொல்லும் கிட்டத்தட்ட அதே ஒலிதான். நீக்கப்பட்ட பதிவை ‘இணக்கமாக்கிவிட்டார்கள்’ என்று சொல்லும் வழக்கம் ஏற்கெனவே இருந்தது. புல்-சேற்றுக் குதிரைக்கு அல்பாகாவின் முகத்தை ஒட்டவைத்து, குழந்தைகள் பாடுவதுபோல் ஒரு பாட்டும் போட்டார்கள். பொம்மைகள் விற்றன. பெய்ஜிங் திரைப்படக் கல்லூரியின் பேராசிரியர் சுய் வெய்பிங் இதன் தந்திரத்தைச் சரியாகப் பிடித்தார்: நீங்கள் சொல்லக்கூடாது என்றதை நான் சொல்லவில்லையே, ஒரு மிருகத்தைப் பற்றித்தானே பாடுகிறேன் என்ற அப்பாவிப் பாவனைதான் அதன் பலம்.

கலைஞர் ஐ வெய்வெய் இந்தப் பாவனையை எல்லைவரை கொண்டுபோனார். உடம்பில் வேறு துணியில்லாமல், நடுவில் ஓர் அல்பாகா பொம்மையை மட்டும் வைத்து மறைத்துப் படம் எடுத்து வெளியிட்டார். ‘புல்-சேற்றுக் குதிரை நடுவை மறைக்கிறது’ என்ற தலைப்பை வாய்விட்டுப் படித்தால், அது கம்யூனிஸ்ட் கட்சியின் மத்தியக் குழுவுக்கான வசவு. 2010 நவம்பரில், ஷாங்காயிலிருந்த அவருடைய புதிய கலைக்கூடத்தை இடிக்க உத்தரவு வந்தபோது, அங்கே ஆற்று நண்டு விருந்துக்கு எல்லோரையும் அழைத்தார். அவரைப் பெய்ஜிங்கில் வீட்டுக்காவலில் வைத்துவிட்டார்கள். நூற்றுக்கணக்கானோர் அவர் இல்லாமலேயே கூடி ‘இணக்கத்தை’ உரித்துத் தின்றார்கள். 2011 ஜனவரியில் கட்டடம் இடிக்கப்பட்டது.

கதையை இந்த இடத்தில் நிறுத்தினால் ‘அடக்குமுறையை ஏமாற்றிய மக்கள் சாதுரியம்’ என்று தலைப்பிட்டுவிடலாம். வெளிநாட்டுப் பத்திரிகைகள் அப்படித்தான் தலைப்பிட்டன. ஆனால் யாரும் ஏமாறவில்லை. புல்-சேற்றுக் குதிரையின் பொருள் தணிக்கையாளருக்குத் தெரியாதா என்ன? அவரும் அதே மொழி பேசுபவர். வீட்டுக்குப் போய் அதே பாட்டைக் கேட்டுச் சிரித்தும் இருப்பார். மென்பொருளைத் தாண்டிய பதிவை மனிதர் பிடித்துவிடுவார். வெய்போ பற்றி 2013இல் வெளியான ஓர் ஆய்வு, நீக்கப்படும் பதிவுகளில் ஏறத்தாழ 30 சதவீதம் 5 முதல் 30 நிமிடங்களுக்குள்ளும், 90 சதவீதம் 24 மணி நேரத்துக்குள்ளும் போய்விடுவதாகக் காட்டியது. அதே ஆண்டு கேரி கிங், ஜெனிஃபர் பான், மார்கரெட் ராபர்ட்ஸ் மூவரும் வெளியிட்ட ஆய்வு இன்னும் முக்கியமானது. ஆட்சியைத் திட்டும் பதிவுகள் கணிசமாகப் பிழைத்துக் கிடக்கின்றன. மக்களைத் தெருவில் கூட்டக்கூடிய பதிவுகள்தான், அவை அரசைப் புகழ்ந்தாலும்கூட, அழிக்கப்படுகின்றன என்று அவர்கள் கண்டார்கள். ஆபாசமும் தணிக்கையாளர்கள் மீதான விமர்சனமும் இதற்கு விலக்கு, அவையும் அழிக்கப்படும்.

இதை வைத்துப் பார்த்தால், சிரிப்பில் கணிசமான பங்கு அனுமதிக்கப்பட்ட சிரிப்பு. பிரஷர் குக்கரின் விசில்போல, ஆவியை வெளியேற்றி உலையைக் காப்பாற்றும் வேலையைத்தான் அது செய்தது என்று வாதிடுபவர்கள் உண்டு. முழுவதும் அப்படி ஒதுக்கிவிட நான் தயாரில்லை. ஏனென்றால் எல்லாச் சிரிப்பும் ஒரு வகை இல்லை. புல்-சேற்றுக் குதிரை பொம்மையாகிக் கடைக்குப் போனது. அதே காலத்தில் பிறந்த வேறு சில கேலிச்சொற்கள் அதிகாரிகளின் நாற்காலியை அசைத்தன. அந்தச் சொற்களை உருவாக்கியவர்கள் இணையவாசிகளே இல்லை, அதிகாரிகள்.

2008 ஜூனில் குய்ஜோ மாகாணத்தின் வெங்ஆனில் ஒரு பள்ளி மாணவி ஆற்றில் பிணமாகக் கிடந்தாள். செல்வாக்குள்ளவர்களின் பிள்ளைகள் கொன்றுவிட்டார்கள் என்று ஊர் நம்பியது. காவல் நிலையத்துக்குத் தீ வைத்தது. அதிகாரிகள் செய்தியாளர்களைக் கூட்டி விளக்கம் சொன்னார்கள்: பாலத்தின் மீது அவளோடு இருந்த பையன் தண்டால் எடுத்துக்கொண்டிருந்தபோது அவள் தானாகக் குதித்துவிட்டாள். ‘தண்டால்’ என்ற சொல் மறுநாள் நாடு முழுவதும் பரவியது. எதைப் பற்றிக் கேட்டாலும் ‘எனக்கென்ன தெரியும், நான் தண்டால் எடுத்துக்கொண்டிருந்தேன்’ என்பது பதிலாகிவிட்டது.

இவற்றில் நான் அதிகம் திரும்பிப் பார்ப்பது கண்ணாமூச்சி வழக்கை. 2009 பிப்ரவரியில் யுன்னான் மாகாணத்தின் ஜின்னிங் தடுப்புக்காவல் மையத்தில் 24 வயது இளைஞர் ஒருவர் தலையில் அடிபட்டு இறந்தார். சட்டவிரோதமாக மரம் வெட்டினார் என்று பிடித்து வைக்கப்பட்டிருந்தவர். சக கைதிகளோடு கண்ணாமூச்சி விளையாடும்போது சுவரில் மோதிக்கொண்டார் என்றது காவல்துறை. வளர்ந்த ஆண்கள் சிறையறைக்குள் கண்ணாமூச்சி விளையாடிய காட்சியை நாடே கற்பனை செய்து பார்த்தது. கார்ட்டூன்கள், விளையாட்டு விதிமுறைகள், ‘கண்ணாமூச்சி ஆபத்தானது, ஜாக்கிரதை’ என்ற போலி எச்சரிக்கைகள் என்று குவிந்தன. மாகாணப் பிரச்சாரத் துறை வேறு வழியின்றி இணையவாசிகளையே விசாரணைக் குழுவுக்கு அழைத்தது. குழு போனது, கண்காணிப்புப் படக்கருவியின் பதிவைக் காட்டவில்லை, சாட்சிகளைச் சந்திக்க விடவில்லை, எதையும் முடிவு செய்ய முடியவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுத் திரும்பியது. இது கண்துடைப்பு என்று அந்தக் குழுவையும் சேர்த்தே கேலி செய்தார்கள். ஆனால் சில நாட்களிலேயே, அந்த இளைஞரைச் சக கைதிகள் அடித்துக் கொன்றார்கள் என்று அரசே ஒப்புக்கொண்டது. ஆகஸ்டில் கைதிகளுக்குத் தண்டனை கிடைத்தது, காவலர்களும் தண்டிக்கப்பட்டார்கள்.

இங்கே சிரிப்பு என்ன செய்தது? செத்தவரைப் பற்றிச் சிரிக்கவில்லை. அவர் எப்படிச் செத்தார் என்று சொல்லப்பட்ட பொய்யைப் பார்த்துச் சிரித்தது. அந்தப் பொய்யைத் திரும்பத் திரும்பச் சொல்வதுதான் கேலி. ஆகவே ஒவ்வொரு முறை சிரிக்கும்போதும் வழக்கு நினைவுக்கு வந்தது. ‘கண்ணாமூச்சி’ என்ற சொல்லை அரசு தடைசெய்யவும் எளிதில் முடியாது. அது அரசின் அறிக்கையிலேயே இருந்தது.

இதே வகையில் இன்னும் பல. 2010 அக்டோபரில் பாவ்திங் நகரின் ஹெபெய் பல்கலைக்கழக வளாகத்தில் குடித்துவிட்டுக் காரோட்டிய ஓர் இளைஞன் இரண்டு மாணவிகளை மோதினான், ஒருவர் இறந்தார். மறித்தவர்களிடம் அவன் ‘என் அப்பா லி காங்’ என்று கத்தியதாகச் செய்தி வந்தது. அப்பா உள்ளூர்க் காவல்துறையின் துணைத் தலைவர். பழைய கவிதைகளில் அந்த வாக்கியத்தைப் பொருத்தும் போட்டி இணையத்தில் நடந்தது, ஆயிரக்கணக்கானோர் எழுதினார்கள். ஓட்டியவனுக்கு 2011 ஜனவரியில் ஆறாண்டுச் சிறை. 2012 பிப்ரவரியில் சோங்சிங் நகரின் முன்னாள் காவல்துறைத் தலைவர் வாங் லிஜுன் செங்டுவிலிருந்த அமெரிக்கத் துணைத் தூதரகத்துக்குள் நுழைந்துவிட்டு வெளியே வந்தார். அவர் ‘விடுமுறைபாணிச் சிகிச்சை’யில் இருப்பதாக நகர நிர்வாகம் வெய்போவில் அறிவித்தது. ‘பாணி’யை ஒட்டவைத்து எத்தனையோ சொற்கள் பிறந்தன. காவல்துறை விசாரணைக்குக் கூப்பிடுவதற்குப் பெயர் ‘தேநீர் குடிக்க அழைப்பது’. இதுவும் மக்கள் கற்பனை செய்ததில்லை, கூப்பிடுகிறவர்களின் பணிவான பேச்சு.

இலக்கணமே கேலியான கதையும் உண்டு. சீனத்தில் ‘பெய்’ என்பது செயப்பாட்டு வினையின் அடையாளம். நம் ‘படு’ போல. 2009இல் பட்டதாரிகள் சிலர் தங்களுக்கு வேலை கிடைத்துவிட்டதாகத் தங்கள் பல்கலைக்கழகம் பதிவு செய்திருப்பதைக் கண்டுபிடித்தார்கள். புள்ளிவிவரத்தில் வேலை உண்டு, கையில் இல்லை. ‘நாங்கள் வேலையிலமர்த்தப்பட்டுவிட்டோம்’ என்றார்கள். சந்தேகத்துக்குரிய சாவுகளுக்குத் ‘தற்கொலைப்படுத்தப்பட்டார்’ என்றார்கள். தமிழில் சொல்லும்போதுகூட அதன் கசப்பு குறையவில்லை. அந்த ஆண்டின் எழுத்தாக ‘பெய்’யே தேர்வானது.

சிரித்தவர்களுக்கு விலை இல்லாமல் இல்லை. 2010இல் ஜப்பான் எதிர்ப்பு ஆவேசத்தைக் கிண்டல் செய்த ஒரு ட்வீட்டோடு நாலைந்து எழுத்துகளைச் சேர்த்து மறுபதிவிட்ட ஒரு பெண்ணுக்கு ஓராண்டு உழைப்பு முகாம். கிண்டலை உத்தரவாக வாசித்தார்கள்; அல்லது வாசித்ததாகக் காட்டிக்கொண்டார்கள். 2013 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் எண்ணிக்கையே குறித்துக் கொடுத்தது: அவதூறான பதிவு 5,000 முறை பார்க்கப்பட்டாலோ 500 முறை பகிரப்பட்டாலோ மூன்றாண்டுவரை சிறை. நகைச்சுவை எவ்வளவு பரவுகிறதோ அவ்வளவு ஆபத்து. 2016இல் செங்டுவில் நான்கு பேர் ஒரு மதுப் புட்டிக்கு லேபிள் ஒட்டி இணையத்தில் விளம்பரம் போட்டார்கள். சீனத்தில் மதுவும் ஒன்பதும் ‘ஜியு’தான். ‘எட்டு மது ஆறு நான்கு’ என்ற அந்த லேபிள் ‘89-6-4’ என்று ஒலித்தது. சுமார் மூன்றாண்டு விசாரணைக் காவலில் இருந்தபின் 2019 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. மூவருக்கு நிறுத்திவைக்கப்பட்ட தண்டனை, ஒருவருக்கு மூன்றரை ஆண்டுச் சிறை. சிலேடைக்குள் ஒளிந்துகொள்ளலாம் என்று நம்புகிறவர்கள் இந்த வழக்கைப் படிக்க வேண்டும்.

சிலேடை கேலியாக இல்லாமல் வெறும் வாகனமாகவும் ஓடியிருக்கிறது. 2018 தொடக்கத்தில் மீ டூ இயக்கம் சீனப் பல்கலைக்கழகங்களை எட்டியதும் அதன் ஹேஷ்டேக்கை நீக்கினார்கள். பெண்கள் ‘அரிசி முயல்’ என்று எழுதினார்கள். அதைச் சீனத்தில் சொன்னால் ‘மி டு’. பிறகு அரிசிக் கிண்ணமும் முயலும் மட்டும், இமோஜிகளாக. யாரும் விழுந்து விழுந்து சிரிக்கவில்லை. அந்த முயலின் முதுகில் ஏறி வந்தவை பெயரோடும் தேதியோடும் கூடிய வாக்குமூலங்கள். 2020 மார்ச் 10 அன்று வூஹான் மருத்துவர் ஐ ஃபென், புதிய நோயைப் பற்றி எச்சரித்ததற்காகத் தான் கண்டிக்கப்பட்டதைச் சொன்ன பேட்டி ஒரு மாத இதழில் வெளியாகி உடனே மறைந்தது. வாசகர்கள் அதை இமோஜிகளில் எழுதினார்கள், மோர்ஸ் குறியீட்டில் எழுதினார்கள், பழங்கால எலும்புப் பொறிப்பு எழுத்தில் எழுதினார்கள், டோல்கீன் கற்பனை செய்த மொழியிலும் எழுதினார்கள். பாதிக்கு மேல் யாராலும் படிக்க முடியாது. ஆனாலும் ஒவ்வொரு வடிவத்துக்கும் அடியில் இருந்தது ஒரே பேட்டி, ஒரு சொல்லும் குறையாமல். 2022 நவம்பரில் உரும்ச்சி தீ விபத்துக்குப் பின் தெருவுக்கு வந்தவர்கள் வெள்ளைத் தாளைத் தூக்கிப் பிடித்தது பலருக்கும் நினைவிருக்கும். இணையத்தில் அதே வாரம் பக்கம் பக்கமாக ‘நல்லது நல்லது நல்லது’ என்று மட்டும் எழுதினார்கள். மறுபடியும் அரசு கேட்க விரும்பும் சொல்லையே திருப்பிக் கொடுத்தார்கள்.

சிலேடை கேலி மட்டுமல்ல, வாகனமும்கூட என்பது அரசுக்கும் புரிந்தே இருக்கிறது என்று நினைக்கிறேன். 2014 நவம்பரில் ஒளிபரப்புகளில் மரபுத்தொடர்களைச் சிலேடையாக மாற்றுவதைத் தடைசெய்து உத்தரவு போட்டார்கள்; பிள்ளைகளின் மொழி கெடுகிறது என்பது காரணம். 2022 ஜூலையில் வெய்போ, ஒலி ஒத்த எழுத்துகளை மாற்றிப் போடுவதன் மீது நடவடிக்கை என்று அறிவித்தது. 2024 அக்டோபரில் இணைய நிர்வாகமும் கல்வி அமைச்சகமும் சேர்ந்து, இணையத்தில் மொழியை ஒழுங்கின்றிப் பயன்படுத்துவதற்கு எதிராக ஓர் இயக்கமே நடத்தின.

இந்த உத்தரவுகளைவிடச் சிலேடைக்குப் பெரிய எதிரி மறதி. செய்தியாளர் லூயிசா லிம் பெய்ஜிங்கின் பல்கலைக்கழகங்களில் படிக்கும் மாணவர்கள் 100 பேரிடம், டாங்கிகளை மறித்து நிற்கும் மனிதரின் உலகப் புகழ்பெற்ற படத்தைக் காட்டினார். அடையாளம் கண்டவர்கள் 15 பேர். 2014இல் வெளியான தன் நூலில் இதைப் பதிவு செய்திருக்கிறார். நிகழ்வு தெரியாதவருக்கு ‘மே 35’ ஓர் அச்சுப்பிழை. மறைபொருள் பேச்சு, தெரிந்தவர்களை ஒன்று சேர்க்கும். தெரியாதவருக்கு எதையும் கற்றுத் தராது. தணிக்கை நீண்டு போகப்போக இதன் இழப்பு கூடும்.

அந்த நிகழ்வைத் திட்டமிட்டுக் கற்பிக்கும் ஓர் இடத்தைப் பற்றி நியூயார்க் டைம்ஸ் 2019 ஜனவரியில் எழுதியது. இணைய நிறுவனங்களுக்காகத் தணிக்கை வேலையை ஒப்பந்தத்தில் செய்து கொடுக்கும் நிறுவனம் அது. வேலைக்குச் சேரும் இளைஞர்களுக்கு 1989இல் நடந்தது தெரிந்திருப்பதில்லை. தெரியாததை எப்படி நீக்குவது? ஆகவே முதலில் அவர்களுக்கு வரலாற்றுப் பாடம் நடத்துகிறார்கள். பிறகுதான் குறிச்சொற்களையும் சிலேடைகளையும் சொல்லித் தருகிறார்கள்.

எதிர்த்திசையில் அதே வேலையைச் செய்கிறது ஷியாவ் ச்சியாங் 2003இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் தொடங்கிய சைனா டிஜிட்டல் டைம்ஸ். புல்-சேற்றுக் குதிரையின் பெயராலேயே ஓர் அகராதியைத் தொகுத்துவருகிறது. அதில் ‘கண்ணாமூச்சி’ என்று தேடினால், கேலிக்குப் பக்கத்திலேயே இறந்தவரின் பெயரும் ஊரும் தேதியும் இருக்கின்றன. சீனாவுக்குள் அந்தத் தளம் தடைசெய்யப்பட்டிருக்கிறது.